பதினான்காம் விதியை மூன்று முறை வாசிக்க வைத்தவள்

என் தங்கையைத் தொழிற்சாலையில் எல்லோரும் சில்லு என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் போன பிறகு வந்த பெயர் அது. நாங்கள் வேலை பார்த்தது பாட்டில் தொழிற்சாலை. உலைப் பக்கம் ஆண்கள், பேக்கிங் மேசைகளில் பெண்கள். ஒரு திங்கட்கிழமை காலை, சரியாக ஆறாத பாட்டில் ஒன்று அவள் கையிலேயே வெடித்தது.

அப்போது அங்கே உலைக்காரர்களின் சங்கம் ஒன்றுதான் இருந்தது. கையில் கட்டோடு உறுப்பினராகச் சேரப் போனாள்; நானும் கூடப் போனேன். தலைவர் மீசைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடியே சிரித்தார்.

"பெட்டி கட்டுறவங்களுக்கெல்லாம் சங்கமா? போம்மா, போய் வீட்டு அடுப்பப் பாரு."

அதோடு விட்டாரா? அடுத்த வாரமே விதிப் புத்தகத்தில் பதினான்காவதாக ஒன்றைச் சேர்த்து அச்சடித்தார்: "பேக்கிங் பிரிவினர் தொழிலாளர் அல்லர்; அவர்களைச் சங்கத்தில் சேர்க்கலாகாது." அதில் ஒரு பிரதியைத் தேடி வாங்கி வந்தவள் சொன்னாள்: "இந்த ஆள என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துறேனா இல்லையா பாருக்கா."

பதினோரு பெண்களோடு தனிச் சங்கம் தொடங்கினாள். பதிவேடு என் பொறுப்பு, அதனால் எண்ணிக்கை தப்பாது. மூன்றாம் ஆண்டு அட்டைப்பெட்டி செய்பவர்களின் சங்கம் எங்களோடு இணைந்து நூற்று நான்கு பேரானோம். அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. எனவே இரு சங்கத் தலைவர்களும் எழுந்து நின்று தங்கள் விதிகளை ஒன்றுவிடாமல் வாசித்த பிறகே வாக்கெடுத்தோம். அதுவே வழக்கமாகிவிட்டது. பிறகு சுமை ஏற்றுபவர்கள் வந்தார்கள், பக்கத்துத் தொழிற்சாலையில் மூடி செய்பவர்கள் வந்தார்கள். பத்தொன்பதாம் ஆண்டில் அறுநூற்று எழுபது பேர். ஒவ்வொரு இணைப்புக்கும் மற்றவர்கள் கை தட்டுவார்கள். அவள் கண் மட்டும் உலைப் பக்கமே இருக்கும்.

அங்கே புது இயந்திரங்கள் வந்து, இருநூறு பேர் முப்பத்தெட்டாகக் குறைந்திருந்தார்கள். மிச்சமிருந்த உலையையும் மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டிய அன்றே மீசைக்காரர் எங்கள் படியேறி இணைப்புக் கேட்டார்.

"தாராளமா. விதிப் புத்தகத்தக் கொண்டு வாங்க, கூட்டத்துல வாசிக்கணும்" என்றாள் சில்லு.

அவர்கள் அதை வருடக்கணக்கில் திறக்கவே இல்லை போலும். கூட்டத்தில் பதின்மூன்றாம் விதிவரை கணீரென்று வாசித்த மீசைக்காரர் சட்டென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, இது பழசு. விட்டுட்டு மேல போகட்டுமா?"

"ஒண்ணுகூட விடக் கூடாதுண்ணே. படிங்க."

முணுமுணுத்தார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலையாம்."

மறுபடி வாசித்தார்.

"மூடி செய்யறவங்க இப்பதான் உள்ள வந்தாங்க. இன்னொரு தடவ."

மூன்றாம் முறை குரல் கம்மிவிட்டது. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

ஆனால் கூட்டம் கொதித்துவிட்டது. "இணைப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று பெண்கள் எழுந்தார்கள். உலைக்காரர்கள் தலை நிமிரவில்லை. எங்கள் சங்கத்தின் பலம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவர்கள் அத்தனை பேரும் தெருவில்தான். இதைத் தங்கை எதிர்பார்க்கவில்லை. மைக்கை எட்டிப் பிடித்தாள்.

"எழுதினவரு ஒருத்தரு. மத்தவங்க வயித்துல ஏன் அடிக்கணும்?" என்றாள்.

"அப்ப அவர மட்டும் வெளிய தள்ளு!" என்று யாரோ கத்த, மண்டபமே கை தட்டியது. அவள் சரி என்றால் போதும். மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய விட்டா ரெண்டு நாள்ல மறந்துடுவாரு. உள்ள இருக்கட்டும். தினமும் என் மூஞ்சியப் பாக்கட்டும்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினார்கள். எழுநூற்று எட்டாவது உறுப்பினராக, கடைசிப் பெயராக அவரை எழுதினேன். உலையை மூடவிடாமல் இரண்டு மாதம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள் என் தங்கை. அவர் வேலையும் அதில்தான் பிழைத்தது. நன்றி சொல்ல வந்தவருக்கு உட்கார நாற்காலி போடவில்லை.