கட்டைதான் வெட்டினேன்

கூடாரமும் கோடரியும் வாடகைக்கு விடும் கடைக்கார அக்காவிடம் யாருடைய பருப்பும் வேகாது. முகாம் முடிந்து திரும்பி வரும் ஒவ்வொரு கோடரியின் வாயிலும் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நகம் எங்காவது மாட்டினால் போச்சு.

"கல்லுல போட்டீங்களா?"

"இல்லக்கா, கட்டைதான் வெட்டினோம்."

"அப்போ கட்டைக்குப் பல்லு முளைச்சு கடிச்சுடுச்சோ?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் விறகு பிளக்க எடுத்துப்போன கோடரியிலும் நகம் மாட்டியது.

"சத்தியமா கட்டைதான் வெட்டினேன்" என்றார்.

கொல்லைப்புறச் சிமெண்டுத் தரையில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அக்கா அரத்தை எடுத்தாள். சாணை மிஷினில் கொடுத்தால் சூடேறி, இரும்பு நீலம் பாய்ந்து வலுவிழந்துவிடும். அதனால் பள்ளம் மறையும்வரை கையாலேயே மெல்ல ராவினாள். எண்ணெய்க்கல்லில் தீட்டித் தோலுறை மாட்டினாள். பிறகு அகலமான மரக்கட்டை ஒன்றை உருட்டிவந்து, அந்தக் கோட்டின்மேலேயே நிறுத்தினாள்.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

"அடுத்த தடவை நீங்க சொல்றது உண்மையா இருக்கட்டுமேன்னுதான்."