நாய்க்குப் பிடிக்காத வண்டிகள்

வாங்க வந்த வண்டியின் பின்கதவைத் திறந்ததும் டோரின் ஹெட்லி முதலில் துப்பாக்கி உறையைத்தான் உள்ளே கிடத்திப் பார்க்கிறார். வெறும் உறைதான். துப்பாக்கி வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. உறை வளையாமல் படுத்தால் ஒரு "ம்". அடுத்து அவருடைய வேட்டைநாய் நெட்டில். நாலு வயது ஸ்பானியல், காதெல்லாம் முள்விதை ஒட்டியிருக்கும். "ஏறு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வாலால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது சோதனைக்கு மட்டும் பழைய வண்டி விற்கும் கடைக்காரன் ஸ்டூவர்ட் டர்ன்புல் தேவைப்படுவான்.

"நீ உள்ள ஏறி உக்காந்து கண்ணாடியில நல்லா ஊது கண்ணு. ஹீட்டரப் போடு. எவ்வளவு நேரத்துல தெளியுதுன்னு பாக்கணும்."

"நானா ஊதணும்?"

"பின்ன? நனைஞ்ச நாய் விடுற மூச்சு இருக்கே, ரோடே தெரியாது. ஊதுடா."

ஹெக்ஸம் ஊருக்கு வெளியே இருக்கும் தன் கடை முற்றத்தில், மூன்று வாரமாக ஸ்டூவர்ட் ஊதிக்கொண்டிருக்கிறான். வண்டிகளெல்லாம் சின்னவை, நாலு சக்கரமும் இழுப்பவை. டோரின் வேட்டைக்குப் போகிற மேல்மேட்டுத் தடம் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. அதைத் தாண்டினால் சதுப்பு. கனமான வண்டி அதில் இறங்கினால் டிராக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். நிலத்துக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தாழ்வான வண்டியென்றால் வழியில் கடக்கிற ஓடையின் கல் வயிற்றைக் கிழித்துவிடும். டோரினின் பழைய வண்டி பத்தொன்பது வருடம் ஈடுகொடுத்தது. இந்த நவம்பரில் வருடச் சோதனைக்குப் போனபோது, அடித்தகடு மெக்கானிக்கின் கையோடு வந்துவிட்டது.

முதல் வண்டியை வேண்டாம் என்றார். "நாய்க்கு உயரம் ஒத்துவராது." நெட்டில் அப்போது அந்த வண்டிக்குள் உட்கார்ந்து, மடித்த இருக்கையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதும் நாய்க்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதிலிருந்து அது இறங்கவே மறுத்தது. பிஸ்கட்டைக் காட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. "பாத்தியா, பயப்படுது" என்றார் டோரின்.

டோரின் அறுபத்தேழு வயதுப் பெண்மணி. வாரத்தில் இரண்டு நாள் மாட்டுச்சந்தை கேன்டீனில் நின்றபடியே பன்றி இறைச்சி வறுத்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார். சாஸ் கேட்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார், கொடுத்தும் விடுவார். இடது இடுப்பு போன வசந்தத்திலேயே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பெயர் எழுதியாயிற்று. முறை வரும்போது வரும். நடக்கச் சொன்னால் நடப்பார், சரிவில்கூட. காலைத் தூக்கி உயரத்தில் வைப்பதுதான் முடியவில்லை. இது ஊரில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. தெரியாமலிருக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது! அந்தப் பாடே பாதி ஆளைத் தின்றுவிட்டது.

மறைப்பதற்குக் காரணம், மேட்டுக்குக் கீழே தடம் தொடங்கும் இடத்திலிருக்கிற கேட். சனிக்கிழமை வேட்டைக்குப் போகிற எட்டுப் பேரும் அவரவர் வண்டியில், அவரவர் நாயோடு ஓடையைக் கடந்து மேல்சுவர் வரை போக வேண்டும். அங்கிருந்து வரிசையாக நடந்து, பறவைகளைக் கிளப்பிக்கொண்டே இறங்க வேண்டும். மேலே வர முடியாதவரைக் கீழே கேட்டருகில் ஒரு மடக்கு நாற்காலியோடு நிறுத்துவார்கள். யாரும் கடுமையாகச் சொல்வதில்லை. குழுவை நடத்துகிற வில்ஃப், "நீ கேட்டப் பாத்துக்க, தப்பிச்சு வர்றதெல்லாம் உனக்குத்தான்" என்பார். கேட்டுக்கு எதுவும் தப்பித்து வந்ததில்லை. குழுவிலிருந்த ரெக் என்பவர் ஒரு பருவம் வில்ஃப் வண்டியில் தொற்றிக்கொண்டு போனார், அடுத்த பருவம் கேட்டில் நின்றார், அதற்கடுத்த வருடம் துப்பாக்கியை விற்றுவிட்டார். அவருக்கு ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "நல்ல இடம்தான் ரெக், காத்தே இல்ல" என்று சொன்னது டோரின்தான். அன்றைக்கு ரெக் மேல்சுவரையே பார்த்தபடி குடித்தார். அந்தப் பார்வை இப்போதெல்லாம் கேன்டீன் அடுப்படியில் டோரினுக்கு நினைவு வருகிறது, வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் வில்ஃப் இறைச்சி ரொட்டி வாங்க வந்தவர், கல்லாவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "வண்டி கிடைக்கிற வரைக்கும் என்கூட வாயேன் டோரின். முன் சீட்டு சும்மாத்தானே கிடக்கு."

"உன் வண்டியில நாய் நாத்தம்."

"உன் நாய்க்கு மட்டும் என்ன, சென்ட் வாசனையா?"

"அது என் நாத்தம், எனக்குப் பழகிடுச்சு. தள்ளு, பின்னால ஆள் நிக்குது."

இன்று வியாழன். நாளை மறுநாள் வேட்டை. முற்றத்தில் அவருக்குத் தோதாக இன்னும் பார்க்காமல் எஞ்சியிருப்பது பச்சை நிறக் குட்டி ஜீப் ஒன்றுதான். உறை படுத்தது. நெட்டில் ஏறியது. ஸ்டூவர்ட் ஊதினான், கண்ணாடி சீக்கிரமே தெளிந்தது. கீழே குனிந்து பார்த்த டோரினுக்கு அடித்தகடும் சுத்தமாகத் தெரிந்தது. குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் திறந்தபடி, அவர் இடுப்புயரத்தில் இருக்கையைக் காட்டிக்கொண்டு நின்றது. அதையே பார்த்தார். களைப்பாக இருந்தது.

"நாய்க்கு..." என்று ஆரம்பித்தார்.

 நாலு வண்டியிலும் தன்னையே ஏறச் சொன்னவர் ஒரு தடவைகூட ஸ்டியரிங் முன்னால் உட்காரவில்லை என்பதை ஸ்டூவர்ட் கவனிக்காமலா இருந்தான்! கொட்டகைக்குள் போய் காலி உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். உறுதியான மரப்பெட்டி. பின்பக்கம் போகாமல், ஓட்டுநர் கதவுக்குக் கீழே கவிழ்த்துப் போட்டு, ஆடுகிறதா என்று ஒருமுறை மிதித்துப் பார்த்தான்.

"நாய்க்குத்தான்" என்றான். "ஏற வசதியா இருக்கும்."

நெட்டில் பின்னால் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆமா," என்றார் டோரின். "அதுக்கு இடுப்பு சரியில்ல."

ஸ்டூவர்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு, அடுத்திருந்த வண்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அது காலையில் துடைத்த கண்ணாடிதான். பெட்டி ஒருமுறை கிறீச்சிட்டது. ஒரு பெருமூச்சு, பிறகு இருக்கை ஸ்பிரிங் அமுங்கும் சத்தம். அவன் திரும்பவில்லை.

டோரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து, பெட்டியை மேலே இழுத்து, பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.