சேனை வைக்காத பிள்ளை

எங்கள் கடற்கரையில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் எனக்குப் போன் வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு தொடங்கிய வழக்கம் இது. "ஏட்டி, பிள்ள பொறந்துட்டு. நீ வந்துதான் சேனை வைக்கணும்" என்பார்கள். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவேன்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் கையால் வைக்கிறோமோ அவர்களுடைய குணமும் யோகமும் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. முன்பெல்லாம் நிறைய மீன்படுகிற ஆளையோ, வீண் சண்டைக்குப் போகாத ஆளையோ தேடிக் கூப்பிடுவார்கள். நான் கல்லூரிக்குப் போனதும் ஆளை மாற்றிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்குத் திசையன்விளைச் சந்தை. விடிவதற்கு முன்பே மீன்கூடையோடு பஸ் ஏறுகிற அம்மா, நான் சேனை வைக்கப்போகும் அன்று மட்டும் கூடையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பாள். மகளின் விரலை எல்லாரும் பார்க்கிறார்களா என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் இருக்கிறது.

அப்புறம் என் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தது. நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். காலையில் போன் வந்ததும் கிளம்பினேன். நாங்குநேரி தாண்டியதும் பஸ் பஞ்சர். வேறு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. அதுவரை குழந்தைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தாய்ப்பாலும் கொடுக்கவில்லை. சேனை வைக்காமல் முதல் பால் கொடுக்கக்கூடாதாம். துண்டில் சுற்றிக் கிடந்த பிள்ளை வாயைத் திறந்து திறந்து துண்டின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சித்தி மகள் என்னைப் பார்த்ததும், "அக்கா வந்துட்டியா, சீக்கிரம் வை" என்று அழுதுவிட்டாள்.

அந்த நேரம் நர்ஸ் வந்தார். "இன்னுமா பால் குடுக்கல?"

"டீச்சர் வரணும்லா, அதான்" என்றாள் சித்தி.

"டீச்சர் வந்த பஸ்ஸு பஞ்சர்னு அதோட வயித்துக்குத் தெரியுமா?" என்றார் நர்ஸ். "சீனித் தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மொதல்ல வார சீம்பால்தான் பிள்ளைக்கு மருந்து. பிள்ளைய மார்ல போட்டுக் குடுங்க."

சித்தி கிண்ணத்தை என் பக்கம் நீட்டியபடியே நின்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "பால் குடுட்டி" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் குழந்தையை அணைத்துக்கொண்டாள். சித்தி சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. போன்களும் குறைந்துவிட்டன. எனக்குப் பிள்ளை பிறந்தால் சேனை கிடையாது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்று அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். திருமணம் ஆனது. கணவருக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் ஊர். டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். வளைகாப்பு முடிந்து பந்தி நடக்கும்போதே என் முடிவை அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மா இலையில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "ஊருப் பிள்ளைக்கெல்லாம் வச்ச கை. சொந்தப் பிள்ளைக்கு வைக்க ஆள் இல்லாமப் போச்சாக்கும்? உங்க பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ்ட்ட சொல்லி வச்சிருக்கேம்ட்டி. அவ்வ ரெண்டு எம்.ஏ.லா!"

அவரிடம் சொல்லியே வைத்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"விடுங்க மைனி" என்றார் மாமியார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "நாம வாயத் தொறக்கப்பிடாது. புஸ்தகத்துல போட்டிருக்கும்."

சிசேரியன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மயக்கம் தெளிந்ததும் நெஞ்சில் போட்டார்கள். அது வாய் வைத்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வலி நினைவில்லை. சொன்னபடி செய்துவிட்டோம் என்ற நிமிர்வு மட்டும் இருந்தது. அம்மா கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, "இனிப்பு ஒண்ணும் காட்டாம, பாவம்" என்று முணுமுணுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

ஆனால் பால் வரவில்லை. சொட்டுச் சொட்டாக வந்தது. குழந்தை குடிக்கும், களைத்துத் தூங்கும், உடனே எழுந்து வீறிட்டு அழும். நர்ஸ் வந்து குழந்தையின் தலையைப் பிடித்து, வாய் எப்படிப் பொருந்த வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. உதடு காய்ந்தது. துணி நனைவது குறைந்தது. தராசிலிருந்து திரும்பும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"சேனை வச்சிருந்தா வாய் இனிச்சிருக்கும். வாய் இனிச்சா இழுத்துக் குடிச்சிருக்கும். குடிச்சா பால் எறங்கியிருக்கும்" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. எனக்குக் கோபத்தில் தையல் வலித்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பேசினார். "எடை கொஞ்சம் அதிகமாத்தான் குறையுது. உங்களுக்குப் பால் ஊறும், ஆனா தாமதமாகுது. ஒவ்வொரு தடவையும் முதல்ல நீங்க பால் குடுங்க. அதுக்குப் பிறகு கொஞ்சம் பவுடர் பால் சேர்த்துக் குடுக்கலாம். பால் நல்லா வந்ததும் நிறுத்திடலாம். இல்ல, சாயங்காலம் வரை பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாலும் சரி. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். ஒரு பவுடர் டின்னுக்கு முன்னால் இத்தனை படிப்பும் தோற்றுப்போவது மாதிரி இருந்தது. வேண்டாம் என்றால் குழந்தை இன்னும் இளைக்கும். சரி என்றால், சித்தியிலிருந்து எங்கள் தெரு முழுக்க, "புஸ்தகம் படிச்சவளுக்குப் பாலே இல்லியாம்லா" என்று சிரிக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

அம்மா பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு ஜெயிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மைனி, இவ பொறந்தப்ப நான் பட்ட பாடு தெரியுமா?" என்று மாமியாரைப் பார்த்துத்தான் அம்மா ஆரம்பித்தாள். "நாப்பது கூடக் கழியல. இவ அப்பாவுக்குக் கால்ல அடிபட்டு கட்டுமரத்துல கடலுக்குப் போக முடியாமக் கெடந்தாவ. நான் கூடையைத் தூக்கிட்டேன். மத்தியானம் ஆனா ரவிக்கை நனைஞ்சிரும். வாங்க வார ஆளுக்கு மீன் தண்ணின்னுதான் நெனப்பு. பைய எழும்பி, சந்தைக்குப் பின்னால உப்புக் கொட்டகை உண்டும்லா, அங்கன போயி சுவத்தோரமா பாலைப் பீச்சி விட்டுட்டு வந்து திரும்ப விலை கூறுவேன். இவ வீட்டுல டின் பாலைக் குடிச்சிட்டுக் கெடந்தா."

எனக்கு இது தெரியாது. அந்தச் சந்தைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதென்ன, ஒக்காந்து சொல்லுத கதையா? அன்னைக்கு எங்கிட்ட யாரு கேட்டா, ஏட்டி, பால் குடுக்கியா, கூடை தூக்குதியான்னு?" சொல்லிவிட்டு டாக்டரம்மா போன வாசலைக் காட்டினாள். "உங்கிட்ட எம்புட்டுப் பெரிய டாக்டரு, கட்டில்ல ஒக்காந்து, நீங்க என்ன நெனக்கியன்னு கேக்காவ!"

அவள் குரலில் வருத்தம் இல்லை. நம்ப முடியாத ஆச்சரியம்தான் இருந்தது. என் பரீட்சை முடிவு வந்த அன்று இருந்த அதே குரல். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் படித்ததையெல்லாம் அந்த டின் ஒன்றும் அழித்துவிடாது என்று அப்போது தோன்றியது. படித்ததால்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

நர்ஸைக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்றேன்.

கணவர் கடையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். தினமும் யார் யாருக்கோ எடுத்துக் கொடுக்கிற டின்தான். ஆனாலும் அதை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெந்நீர் எவ்வளவு, பவுடர் எவ்வளவு, எதையெல்லாம் கொதிக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை ஒப்பித்துக் காட்டினார். நான் முதலில் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு பாலாடையில் பவுடர் பாலை எடுத்தோம். அதை அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "நான் வேண்டாம் மக்கா. சேனை வைக்காத பிள்ளை. நாக்குல மொதல்ல படுத வெளிப் பாலு. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவ கையால எதுக்கு? உங்க மாமியா குடுக்கட்டும்."

"எனக்கென்ன, கலெக்டர் ஆபீஸ்லயா உத்தியோகம்?" என்றார் மாமியார். "வயல்ல நாத்துல்லா நட்டேன். மொதல்ல குடுங்க மைனி, பிள்ள அழுகுது."

சிரிக்கக்கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. தையலைப் பிடித்துக்கொண்டு, "நீயே குடும்மா" என்றேன்.

"நாளைக்கு இவ படிக்கலன்னு வச்சுக்க, எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாது, சொல்லிட்டேன்."

"வரமாட்டேன்."

அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். மீன் வாடை இருக்கிறதா என்று மோந்து பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, பேத்தியை மடியில் சாய்த்து, பாலாடையை உதட்டோரம் வைத்துப் பையப் பையச் சரித்தாள். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. அன்றுதான் அது அழாமல் தூங்கியது. நாங்கள் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு போட்டி. அம்மாவோடு சந்தையில் உட்காருகிற மீன்காரப் பெண்கள் பால்சுறா வாங்கி அனுப்பினார்கள். அம்மா அதை அவித்து உதிர்த்து, நிறையப் பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்தாள். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடி வரை வாசம் போய், வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனார். மாமியார் சேரன்மகாதேவியிலிருந்து முருங்கைக்கீரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்தார். நர்ஸோ, அடிக்கடி பிள்ளையைப் போடுங்கள், போடப் போடத்தான் ஊறும் என்றார். மூன்றையும் செய்தேன். பால் பெருகியது. எதனால் பெருகியது என்று அம்மாவும் மாமியாரும் இன்னும் தீர்மானிக்கவில்லை.

"சுறாதான்."

"கீரையத்தான் மொதல்ல தின்னா."

பவுடர் பால் குறைந்து குறைந்து, ஒரு நாள் டாக்டரம்மா நிறுத்திவிடலாம் என்றார். அதற்குள் எனக்கு அந்த டின் மீது கோபமே இல்லாமல் போயிருந்தது. என் பிள்ளை எனக்காகக் காத்திருந்த நாட்களில் அதன் வயிற்றை அந்த டின்தான் பார்த்துக்கொண்டது.

ஞானஸ்நானத்துக்காக ஊருக்குக் கிளம்பியபோது புதிய பேருந்து நிலையத்தில் குழந்தை அழுதது. அங்கே பால் கொடுப்பதற்கென்று இருக்கும் அறைக்குள் போனேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த எதையோ துணிக்கடை மஞ்சள் பைக்குள் தள்ளினாள். பவுடர் டின். அவள் குழந்தை அழுதது. அவள் எழுந்திருக்கப் போனாள்.

"இது தாய்ப்பால் குடுக்கவங்களுக்குள்ள ரூமுன்னு தெரியாதுக்கா" என்றாள். "பஸ் வரட்டும்னுதான்..."

நான் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தேன். "பிள்ளைக்குப் பால்தானே குடுக்கிய? உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். டின்னை வெளியே எடுக்காமல், "சுடுதண்ணி வாங்கப் போன ஆளை இன்னும் காணல" என்று வாசலைப் பார்த்தாள்.

அம்மா வாசலில் பைகளுக்குக் காவல் நின்றாள். "யம்மா, அந்தப் பிளாஸ்க்கைக் குடு" என்றேன். அம்மா உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், அந்தப் பெண்ணின் மஞ்சள் பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்து, அவள் நீட்டிய கிண்ணத்தில் ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றினாள்.

"கொஞ்சம் ஆறட்டும் மக்கா" என்றாள். "அதுவரை பிள்ளைய எங்கிட்ட தா."