தேசி மரத்தடியில் பாண்ட் மாஸ்டரின் பதக்கங்கள்

அப்பாவுக்கு எண்பத்திரண்டு. அடுத்த மாதம் நெஞ்சில் சத்திரசிகிச்சை. "அதுக்கு முன்னம் பூட்டன்ரை மெடலை ஒருக்கால் கையிலை பிடிச்சுப் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டார். மறுக்க முடியுமா? தை நடுவில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அச்சுவேலிக்குப் புறப்பட்டேன்.

அந்தப் பூட்டன் சாமுவேல், விக்டோரியா மகாராணி காலத்தில் பட்டாளத்தில் கொர்னெட் என்ற ஊதுகுழல் ஊதி, பிறகு பொலிசில் பாண்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பதக்கம் கிடைத்தது. சண்டைக் காலத்தில், வீட்டில் பொலிஸ் சாமான் இருப்பதை இயக்கம் கண்டால் உயிருக்கே உலை என்று, பெரியப்பாவின் மகன் தேவன் அண்ணை அவற்றைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டுத் தேசி எனும் எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டார்.

யாழ்ப்பாண நகரிலிருந்து அச்சுவேலி ஏறக்குறைய பதினாறு கிலோமீற்றர். காலை 7.20 பஸ், ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டேன். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். அறுபத்தெட்டு வயது அண்ணை அலவாங்குக் கடப்பாரையோடு நின்றார். நான் உள்ளே போனதும் வாசல் படலையைப் பூட்டினார்.

"ஏனண்ணை பூட்டுறியள்? எங்கடை காணிதானே?"

"சத்தம் போடாதை. புதையல் கிண்டுறம் எண்டு ஆரும் அறிவிச்சால் உள்ளுக்கைதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. 9.40க்குப் பேணி கிடைத்தது. மூடியைத் திறக்கவும் படலையில் தட்டினார்கள். பொலிஸ்! ஆரோ அறிவித்துவிட்டார்கள். சிரிப்புப் போன இடம் தெரியவில்லை. பேணி கைநழுவி விழுந்து, பதக்கங்கள் மண்ணில் உருண்டன.

சார்ஜன்ட் தமிழர். ஒன்றை எடுத்து, விளிம்பில் பொறித்திருந்த பெயரை வாசித்தார்.

"இது ஆரின்ரை?"

அண்ணை கைகட்டி நின்றார். "தெரியாது ஐயா. எங்கடை ஆக்களிலை பொலிஸ் ஒருத்தரும் இல்லை."

ஐயோ! கேட்பவரே பொலிஸ், எங்களுடையது என்று சொன்னால்தானே தப்பலாம்? ஆனால் சண்டைக் காலம் முழுக்க, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொல்லித்தான் அண்ணை உயிரோடு இருந்தார். வாய் அதற்கே பழகிவிட்டது.

"அப்ப சொந்தக்காரர் இல்லை. கொண்டு போறம்" என்றார் சார்ஜன்ட்.

அப்பாவிடம் என்ன சொல்வேன்? "என்ரை அப்பான்ரை பூட்டன் ஐயா!" என்று கத்தியே விட்டேன். கொழும்பு வீட்டிலிருந்த பழைய படத்தைப் போனில் காட்டினேன்: பெரிய மீசை, கொர்னெட், நெஞ்சில் அதே இரண்டு பதக்கங்கள். சார்ஜன்ட் அண்ணையிடம் "உண்மையே?" என்றார். அண்ணை கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது.

நிலையத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். 12.30க்குப் பதக்கங்களைத் திருப்பித் தந்தார்கள். மறுநாளே அப்பா அவற்றை மாறி மாறித் தடவினார். அண்ணையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய காணியில் எதையாவது தோண்டப் போகிறவர்கள் முதலில் கிராம அலுவலரான விதானையாரிடமும் பொலிசிலும் சொல்லுங்கள். காணி உறுதிப் பத்திரமும் பழைய படங்களும் கையில் இருக்கட்டும். கூட நிற்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்றும் கேளுங்கள். நான் கேட்காமல் சிரித்தேன்.

அன்று பின்னேரம் திரும்பிப் பஸ் ஏறும்போது ஒரு பதக்கத்தை அண்ணையிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாக்குமூலத்திலை என்ரை பெயரும் இருக்கே?"

"ஓம் அண்ணை."

"பொலிஸ்காரன்ரை பரம்பரை எண்டும்?"

"ஓம்."

"அப்ப இனி எனக்கு நித்திரை இல்லை" என்றார்.