ஏழு தோற்றவர்களுக்கு இன்னும் ஓர் ஆட்டம்

வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிப்பவனுக்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விளம்பரம் தருபவர் யாரென்று தெரிந்திருந்தால் போதும். ரொறன்ரோவில் ஒரு தமிழ் வானொலியில் பதினெட்டு வருடமாக அந்த ஏழு நிமிடச் செய்தியை நான்தான் வாசிக்கிறேன். கிரிக்கெட் என்றால் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உதைபந்தாட்டமும் அப்படித்தான். ஆனால் போன வருடம் செப்டெம்பரிலிருந்து டிசம்பர் வரை, எனக்கு ஒரு சொல்லும் விளங்காத ஒரு விளையாட்டை, எல்லாம் விளங்கியவனின் குரலில் வாசித்தேன். உங்களிலும் பலர் விளங்காத வேலையை விளங்கிய முகத்தோடு செய்து சம்பளம் எடுப்பவர்கள்தானே. என் பாடு உங்களுக்குப் புரியும்.

பின்னுக்கு எறிகிறவர்

நேசன் அண்ணை ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் புது வீடுகள் விற்றுக் கொடுப்பவர். என் செய்திக்கு முன்னும் பின்னும் வருவது அவருடைய விளம்பரம்தான். ஒரு நாள் கலையகத்துக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒரு நிபந்தனை வைத்தார். அவருடைய தங்கையின் மகன் அகிலன் அமெரிக்காவில் படிக்கிறான், அது கடைசி வருடம். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியிலும் இருக்கிறான். சனிக்கிழமைகளில் அந்த அணி ஆடும். ஞாயிற்றுக்கிழமை என் செய்தியில் அது வந்தாக வேண்டும்.

அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தோளில் தலையணை கட்டியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள் என்பதுதான். அகிலன் என்னவாக விளையாடுகிறார் என்று மரியாதைக்குக் கேட்டேன். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவால் பந்தைப் பின்னால் நிற்பவருக்கு எறிபவராம். ஓடுவதில்லையா? இல்லை. பிடிப்பதில்லையா? அதுவும் இல்லை. எல்லோரும் முன்னுக்குப் போக அடிபடும் விளையாட்டில் பின்னுக்கு எறிவதற்கென்று ஓர் ஆளை வைத்திருப்பார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணை எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டார்.

"உமக்கு விளங்க வேண்டாம் ஐசே. எனக்கும் விளங்கேல்லை. நீர் பெயரை மட்டும் வடிவா வாசியும்."

கடுமையான போராட்டம்

அந்த அணி தோற்றது. அடுத்த கிழமையும் தோற்றது. மூன்றாம் கிழமை வென்றது, நான் நிமிர்ந்து இருந்து வாசித்தேன். பிறகு மறுபடி இரண்டு தோல்வி. நேசன் அண்ணை தொலைபேசி எடுத்தார். 'தோற்றது' என்ற சொல் நல்லாயில்லை, அதன்பின்னால் வீட்டு விளம்பரம் வந்தால் யாருக்கு வீடு வாங்க மனம் வரும் என்றார். இனிமேல் 'கடுமையாகப் போராடியது' என்று வாசிக்க வேண்டுமாம். விளம்பரகாரரோடு வாதாடி வென்ற அறிவிப்பாளர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஒக்ரோபர் முழுக்க அந்தப் பிள்ளைகள் போராடினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒலிக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஆரணி இங்கே பிறந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். இந்த விளையாட்டு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. நான் 'போராடியது' என்று வாய் திறக்கும்போதெல்லாம் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நேயர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்கம் நகரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், என் உச்சரிப்பைத் திருத்துவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருப்பவர். அவர் ஒரு நாள் நான் வாசிக்கத் தொடங்க முன்னமே அழைத்தார்.

"தம்பி, உந்தப் பெடியள் இந்தக் கிழமையும் கடுமையாப் போராடினவையோ, இல்லாட்டி வெண்டிட்டினமோ?"

விட்பியிலிருந்து ஓர் அழைப்பு

நவம்பரில் ஒரு ஞாயிறு, ஒலிபரப்பு முடிந்தபிறகு ஒரு பெண் கூப்பிட்டார். "நான் அகிலன்ரை அம்மா" என்றார். பெயர் பவானி. விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறு கட்டாயம் வேலைக்குப் போக வேண்டும், அதனால் நாலு வருடத்தில் மகனின் ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் பார்க்கலாமே என்றேன். மகன் குனிந்து நிற்பதால் முதுகுதான் தெரியுமாம். பந்து அவன் கையை விட்டுப் போனதும் கமராவும் பந்தோடு போய்விடுமாம்.

அந்தக் கிழமை அணி நன்றாக வென்றிருந்தது. நான் உற்சாகமாக வாழ்த்துச் சொன்னேன். அது தனக்கு நல்ல செய்தி இல்லை என்று பவானி அக்கா விளங்கப்படுத்தினார். மூன்று தரம் முயன்றும் முன்னேற முடியாவிட்டால், பந்தை மற்ற அணியிடம் உதைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த உதைக்குப் பந்தை எறிந்து கொடுக்கத்தான் அகிலன் உள்ளே வருவான். புள்ளி எடுக்கிற உதைக்கு வேறொரு பையன் இருக்கிறானாம். நல்லாக ஆடுகிற நாளில் என் பிள்ளைக்கு என்ன வேலை என்று அவர் கேட்டபோது, வாழ்த்தைத் திருப்பி எடுப்பதா வைத்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"நேற்று அவன் ஒரே ஒருக்காத்தான் உள்ளுக்குப் போனவன் தம்பி. அவை சறுக்கினால்தானே என்ரை பிள்ளைக்கு ஆட்டம். நான் எதைக் கேட்டுக் கும்பிடுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பனி

அவர்களுடைய மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி வருடப் பிள்ளைகளோடு தாய் தகப்பனும் கைகோத்து மைதானத்துக்குள் நடப்பார்களாம். பவானி அக்கா இரண்டு பேருடைய வேலையை மாறிச் செய்து அந்தச் சனிக்கிழமையை எடுத்திருந்தார். விடிய எழும்பிப் பார்த்தால் வாசலே தெரியாத பனி. விமானம் போகவில்லை. விமான நிலையத்துக் கதிரையில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பேருக்கு நடுவில் நடக்க, தகப்பனும் இல்லாத அகிலன் பயிற்சியாளரோடு நடந்தானாம். அந்த ஆட்டமும் தோல்வி. பன்னிரண்டில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி, சீசன் முடிந்தது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செய்திக்கு முன்னம் அக்காவே அழைத்துச் சொன்னார். அன்றைக்கு 'தோற்றது' என்று வாசிக்கவும் வாய் வரவில்லை, 'போராடியது' என்று வாசிக்கவும் வாய் வரவில்லை. பெயரையும் எண்களையும் மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினேன். நேசன் அண்ணை ஏசப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அழைத்துச் சொன்னது வேறு.

"எனக்கு உந்த விளையாட்டிலை என்ன கிடக்கு ஐசே? தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை வேலையிலை உம்மடை செய்தியைக் கேக்கிறவள். மகன்ரை பெயர் அவளின்ரை காதிலை விழட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் வாசிக்கச் சொன்னனான்."

எந்த நட்சத்திரத்துக்கு?

முடிந்தது என்று நான் நினைக்க, முடியவில்லை என்றாள் ஆரணி. டிசம்பரில் பௌல் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. சீசனில் ஆறு ஆட்டமாவது வென்ற அணிகளைச் சோடி சோடியாக அழைத்து, வெயில் எறிக்கும் ஊர்களில் பரிசுக்கு ஆட விடுவார்கள். இந்த வருடம் ஆறு வென்ற அணிகள் போதவில்லை. ஒன்றிரண்டு அணிகள் வர விருப்பமில்லை என்றும் சொல்லிவிட்டன. இன்னும் ஆட்டம் மிச்சமிருக்கும் இரண்டு அணிகள் தோற்றால், ஐந்து வென்ற அணி ஒன்றுக்கு இடம் வரும். "அண்ணா, ரெண்டும் லூஸ் பண்ணினா தே ஆர் இன்" என்றாள். ஒருவர் தோற்றதற்காக வேறு இருவர் தோற்க வேண்டும் என்பது எனக்கு இரண்டு நாள் தலைக்குள் சுற்றியது.

நேசன் அண்ணை யோசிக்கவில்லை, நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனார். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாத இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் தோற்பதற்கு யாருடைய நட்சத்திரத்தைச் சொல்வது? அண்ணை முழித்துவிட்டு மருமகனின் நட்சத்திரத்தைச் சொன்னாராம். அந்தச் சனிக்கிழமை இரண்டு அணியும் தோற்றன, கலையகத்தில் நான் கை தட்டினேன். என்ன மனிதன் நான் என்று உடனேயே வெட்கமாகவும் இருந்தது. தங்கையும் கோயிலுக்கு வந்திருந்ததாக அண்ணை சொன்னார். மற்றப் பிள்ளைகள் தோற்க வேண்டும் என்றா அக்கா கும்பிட்டீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"சீ, அப்பிடிக் கேக்கலாமோ? அந்தப் பிள்ளையளும் களைச்சுப் போச்சினம், வேளைக்கு வீட்டை போய்த் தாயோடை இருக்கட்டும் எண்டுதான் கேட்டனான்."

நேயர் நேரம்

அழைப்பு வந்தது. ஏழு தோற்ற அணி பரிசு ஆட்டத்துக்குப் போகிறது. இவ்வளவு நாளும் இதைக் கேட்டு வந்த நேயர்களிடமே தகுதி உண்டா இல்லையா என்று கேட்போமே என்று ஆரணி சொன்னாள். அதற்குத் தலையாட்டியதுதான் நான் செய்த பிழை. முதல் அழைப்பே மார்க்கம் வாத்தியார். "முப்பத்தைஞ்சு எடுத்தால் பாஸ் எண்டால் முப்பது எடுத்தவனை ஏத்தேலாது. பிறகு முப்பத்தைஞ்சுக்கு என்ன மரியாதை?" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. "உண்மைதான் ஐயா, ஏழு தோற்றவர்கள் பேசாமல் வீட்டில் இருக்கலாம்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு பெண். ஊர் சொல்லவில்லை. "எங்கடை அகதிக் கேஸ் ரெண்டு தரம் தோத்தது. மூண்டாம் தரம்தான் இருக்கச் சொன்னவை. இப்ப இருபது வருசமாச்சு. நாங்களும் தகுதி இல்லாமலோ இஞ்சை இருக்கிறம்?" என்றார். எனக்கு அதுவும் சரியாகப் பட்டது. எதிரும் புதிருமான இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று நான் ஒலிவாங்கிக்கு முன்னால் விழித்துக்கொண்டிருக்க, ஆரணி ஒரு துண்டை நீட்டினாள். அதை அப்படியே வாசித்தேன். ஐந்து வென்ற அணிகளில் எதை அழைப்பது என்று, வீரர்களின் படிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அகிலனின் அணி படிப்பில் மேலே இருக்கிறதாம். வாத்தியார் மறுபடி இணைப்பில் வந்துவிட்டார்.

"படிப்பிலையோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி! அப்ப கட்டாயம் கூப்பிடத்தான் வேணும்."

இரண்டு அழைப்பு

ஒலிபரப்பு முடிந்ததும் நேசன் அண்ணை அழைத்தார். "பெடியன்ரை தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நீர் வீட்டிலை இருக்கச் சொல்லுறீர்" என்று தொடங்கியவர் கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு வாய்ச்சொல்லுக்காக நான் அவ்வளவு குறுகியது கிடையாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பவானி அக்காவின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவரே அழைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. பின்னால் சூட்கேஸ் சில்லு உருளும் சத்தம் கேட்டது.

"நீங்கள் சொன்னது சரிதான் தம்பி, தகுதி இல்லைத்தான். ஆனால் கூப்பிட்டிட்டினமே. நான் ரிக்கெற் போட்டிட்டன்."

பிழை திருத்தம்

ஆட்டத்தன்று நானும் ஆரணியும் கலையகத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்கு விளங்கிய ஒரே விஷயம், எங்கள் பக்கம் மோசமாக ஆடியது என்பதுதான். முன்னுக்குப் போவார்கள், விழுவார்கள், மறுபடி விழுவார்கள், பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள். நான் ஐயோ என்பேன். ஆரணி தலையில் கை வைப்பாள். அக்கா போன நேரமாவது வென்றிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மூன்றுக்கு முப்பத்துநான்கு. நேசன் அண்ணையும் தங்கையோடு போயிருந்தார், அதனால் சொல்லை மாற்றச் சொல்ல ஆளில்லை. மாலைச் செய்தியில் 'படுதோல்வி அடைந்தது' என்று நேர்மையாக வாசித்தேன்.

வாசித்துப் பத்து நிமிடமாகவில்லை, பவானி அக்கா கைத்தொலைபேசியில் செய்தியைக் கேட்டுவிட்டு அங்கிருந்தே அழைத்தார். சுற்றிவர ஒரே இரைச்சல். செய்தி பிழை என்றார். எண்ணை மாற்றி வாசித்துவிட்டேனோ என்று தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது பிழை அக்கா என்று கேட்டேன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த இரைச்சலில் என்னால் பிரித்து அறிய முடியவில்லை.

"மூண்டுக்கு முப்பத்துநாலு, அது சரி. ஆனால் அகிலன் ஒன்பது தரம் உள்ளுக்கு வந்தவன் தம்பி, ஒன்பது தரம்! ஒவ்வொருக்காலும் வெளியிலை வந்து, ஹெல்மெற்றைக் கழட்டி, நான் இருக்கிற பக்கம் பாத்தவன். அதை விட்டிட்டு வாசிச்சால் அது என்ன செய்தி?"

அடுத்த நாள் அந்த ஒன்பதையும் சேர்த்துத் திருத்தி வாசித்தேன். அந்த அணிக்கு அந்த ஆட்டம் தகுதிதானா என்று யாராவது என்னிடம் கேட்டால், பதினெட்டு வருட அனுபவத்தை எல்லாம் திரட்டி, காலநிலை அறிக்கைக்குப் போய்விடுகிறேன்.