உண்டியலில் விழுந்த கண்

வெள்ளி விழுந்தால் 'கிளிங்' என்று கேட்க வேண்டும். கிள்ளானில் எங்கள் வீட்டருகே இருந்த அம்மன் கோயில் உண்டியலுக்குள் நான் போட்ட பொட்டலமோ 'டொக்' என்றது; கற்பூரப் புகைக்கும் மேளச் சத்தத்துக்கும் நடுவே அந்த ஒரு 'டொக்' ஒன்பது வயதுப் பையனான எனக்குத் தெளிவாகவே கேட்டது.

இரண்டு வயதில் எனக்குக் கண்ணில் புற்றுநோய் வந்தது. மருத்துவர்கள் இடது கண்ணை எடுத்துவிட்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நன்றிக்கு அம்மா ஒவ்வொரு திருவிழாவிலும் வெள்ளியில் கண் வடிவில் செய்த ஒரு ஜோடி 'கண்மலர்' காணிக்கை செலுத்துவார். அந்த ஆண்டு புகை உறுத்தியதால், ஒருவரும் பார்க்காமல் என் செயற்கைக் கண்ணைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கால்சட்டையின் ஒரு பையில் வைத்திருந்தேன். கண்மலர் முடிந்த கைக்குட்டை இன்னொரு பையில். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாள். என் இடது கண் பொய் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாதபடி மூன்றாண்டு கட்டிக்காத்திருந்தேன். உண்டியலுக்கு இரண்டு சாவிகள். ஒன்று கோயில் தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். பொருளாளரோ பூச்சோங்கில் மகள் வீட்டில். நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா அசையவில்லை.

"உசுரே தங்கிருச்சு, கண்ணு எங்கடா போயிரும்? அம்மன் பத்திரமா வச்சிருப்பா."

அவளுக்கு ஏற்கெனவே மூன்று கண், என்னுடையது எதற்கு என்று விம்மினேன்.

விடிந்ததும் எனக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, அம்மை மூன்றும் ஒருசேர வந்தன. அம்மா ஒன்றையும் நம்பவில்லை. அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். கோயில் தலைவரும், பின்னால் பள்ளிச் சீருடையில் அவர் மகள் மாலதியும். வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி. அம்மா இரவே தகவல் சொல்லியிருந்ததால், அதிகாலையிலேயே பொருளாளரை வரவழைத்து உண்டியலைத் திறந்தார்களாம். விஷயம் தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்த பொருளாளர், "ஆத்தா பாக்குறா" என்று அங்கேயே விழுந்து கும்பிட்டாராம்.

நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். மாலதி குனிந்து, விபூதிப் பொட்டலத்தில் மடித்த என் கண்ணை நீட்டினாள்.

"வெளிய வா லா. எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ பக்கத்துல பாத்தா ஒரு கண்ணுதான் திரும்பும். இன்னொன்னு கரும்பலகையவே பாத்துக்கிட்டு நிக்கும்."

எல்லாருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான். பந்த எப்பவும் ஒன் வலது பக்கமே போடுறாங்களே, நீ என்ன பெரிய ஆட்டக்காரன்னா நெனச்ச?"

கண் தொலைந்ததைவிட அதுதான் வலித்தது. ஆனாலும் கட்டிலுக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். அவசரத்தில் கண்ணைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அந்த வகுப்புப் படத்தில் நாற்பது பேர் புகைப்படக்காரரைப் பார்க்கிறார்கள். நான் பாதி அவரையும் பாதி கூரையையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

இன்று அந்த மர உண்டியல் இல்லை. கைப்பேசியைக் காட்டிக் காணிக்கை செலுத்த ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்; இனி யாரும் கண்ணைத் தொலைக்க வழியில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்த அந்தப் பையனும் போய்விட்டான். இப்போது புதிதாய்ச் சந்திப்பவர்களிடம் எந்தக் கண் பொய் என்று நானே பந்தயம் கட்டுகிறேன். சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், என் மனைவி மாலதி வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்து என் அப்பளத்தை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியாது என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.