வடிவாம்பாள் பேரில் இருந்த துப்பாக்கி

நாஞ்சில் நாட்டுப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு. வட்டக்கோட்டையைக் கட்டி முடித்த நாளுக்குப் பிறகு நம் பகுதியின் ஆயுத வரலாற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு சம்பவம்தான் நடந்திருக்கிறது. பூதப்பாண்டிக்குத் தெற்கே, வயலோரத்து மாடிவீடு ஒன்றில், பன்னிரண்டு பத்துக்கு. ராத்திரி அல்ல, பட்டப்பகல். பேய்க்கு ராத்திரி மட்டும்தான் உத்தியோகம் என்று நினைப்பவர்கள் உச்சிவெயிலில் தனியாகச் சுடுகாட்டு வழியே ஒருதரம் நடந்து பார்க்கலாம்.

இது கட்டுக்கதை என்று யாராவது சொன்னால், காவல் நிலையத்து முத்திரை குத்திய ரசீது இருக்கிறது. கண்ட பேய்க்கு ரசீது வைத்திருக்கிற ஒரே மனிதர் உரக்கடை பத்மகுமார்தான்.

வயது ஐம்பத்து மூன்று. வடசேரியில் கடை. விசிட்டிங் கார்டில் 'பூச்சிமருந்து, உரம்' என்பதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'ஆயுத ஆராய்ச்சியாளர்' என்று அச்சடித்திருந்தார். வாழ்நாளில் அவர் சுட்டது ஒரே ஒருதரம். அதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி உயிரிழந்தது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்கத்தான் லைசென்ஸ். அவர் காட்டுப்பன்றியை நேரில் பார்த்தது திற்பரப்பு போகும் வழியில், காருக்குள்ளிருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு.

ஆனால் ஆசை இருந்தது. அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்தபோது, இது ஒன்று போதும் என்றுதான் நினைத்தார். பிறகு ஒரு ரைஃபிள் வந்தது. அதற்காக அலமாரி செய்தார். ஆசாரியிடம் ஆறு கொக்கி போடச் சொன்னார். அங்கே பிடித்தது சனி. நான்கு கொக்கி சும்மா கிடந்தால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா? பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல அவர் கை போய்ப் போய் அந்தக் கொக்கிகளைத் தடவியது. சுசீந்திரத்தில் சாமி முன்னால் கண்ணை மூடினாலும் எண்ணெய் போட்ட குழல்தான் தெரிந்தது.

அலமாரிக்கு நல்ல இடம் வேண்டும் என்று சாமி அறையைக் காலி செய்தார். சாமிகள் மாடிப்படிக்கு அடியில் குடியேறினார்கள். அந்த அறைக்கு நேர் எதிரே அடுக்களை. அடுக்களையில் மனைவி வடிவாம்பாள்.

வடிவுக்கு அந்த வீட்டில் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டு. தினமும் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்ததும் பத்மகுமார் துப்பாக்கியைத் துடைப்பார். மரக்கட்டைப் பிடியிலிருந்து தடவிக்கொண்டே விரலை விசைக்குக் கொண்டுபோவார். இரண்டு விசை. முன்னது, பின்னது.

டிக்.

டிக்.

காலித் துப்பாக்கிதான். ஆனாலும் அவள் ஒவ்வொரு தரமும் தோளைக் குறுக்குவாள். "காலித் துப்பாக்கிட்டீ, கடிக்கவா செய்யும்?" என்பார் ஆராய்ச்சியாளர்.

போன ஐப்பசியில் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் ஜெயசிங் காலமானார். அவருடைய பழைய இரட்டைக்குழல் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே பத்மகுமார் காரை எடுத்தார். ஜெயசிங்கின் அண்ணன் மகன் எபிசன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். துப்பாக்கியைப் பழைய கைலிச் சாரத்தில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல அல்ல, செத்த பாம்பைத் தூக்குவதுபோலக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். மேற்கே துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் பேர்.

"தோக்கை யாரு பேருல மாத்துதிய அண்ணா?"

"வீட்டுக்காரி பேருல."

எபிசன் சாரத்தின் முனையை இழுத்துத் துப்பாக்கியை மூடினான். "உங்க பேருல ஆவாதா?"

"எனக்க பேருல ரெண்டு ஆயாச்சு மக்கா. அதுக்கு மேல சட்டம் விடாதுல்லா."

அவன் தான் முதலில் கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்தான். விலை குறைந்ததும் சந்தேகப்படுவது வியாபாரியின் குணம். பத்மகுமார் உரத்தில்தான் வியாபாரி. துப்பாக்கியில் பக்தர்.

வடிவின் அப்பா கொடுத்த வாழைத்தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. அதைக் காட்டி விண்ணப்பம் போட்டார். விசாரணைக்கு அழைத்த அதிகாரி, உங்களுக்கு எதுக்கம்மா துப்பாக்கி என்று கேட்டிருக்கிறார். "அவிய சொன்னாவ" என்றாள் வடிவு. அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாசியில் மூன்றாவது கொக்கி நிறைந்தது.

முதல் வாரத்தில் ஒரு சின்ன விஷயம்.

அலமாரியில் துப்பாக்கிகள் படுக்கையாக மாட்டப்பட்டிருக்கும். வாய் மூன்றும் சுவரைப் பார்த்து. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு அவர் திறந்தபோது புதியது மட்டும் திரும்பியிருந்தது. வாய் அடுக்களையைப் பார்த்து.

வடிவு தூசி தட்டியிருப்பாள் என்று நினைத்தார். அவளோ அந்த அறைக்குள் தும்மக்கூடப் போனதில்லை.

திருப்பி வைத்தார். புதன், பன்னிரண்டு பத்து... திரும்பியிருந்தது.

பூட்டினார். சாவியை அரைஞாணில் கட்டினார். வியாழன்... திரும்பியிருந்தது. கூடவே ஒரு வாசனை. கருமருந்து கருகிய வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, கறிக்கடையில் காலையில் வருமே, அது.

வெள்ளிக்கிழமை தோட்டாப் பெட்டியை எண்ணினார். இருபத்தைந்தில் இருபத்து மூன்று.

அன்று வடிவு சோறு பரிமாறவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க. அதை எங்கயாம் கொண்டு குடுத்திருங்க. அதுக்க வாய் என்னையே பாக்கு. அடுப்பு முன்னால நின்னா முதுகுல அந்த இடம் குளுருகு."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் லட்சுமிப்ரியாவும் அன்று போனில் அழுதிருக்கிறாள். அம்மா பயப்படுகா, உங்களுக்கு இரும்புதான் பெரிசா என்று. பத்மகுமார் தலையாட்டினார். தேர்தல் அறிவித்தாயிற்று. லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படியே அங்கிருந்தே விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்தபோது அவர் கை மேஜைக்கு அடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

பங்குனி மூன்றாம் தேதி மூன்றையும் கொண்டுபோனார். ஏட்டு ஒவ்வொன்றையும் திறந்து, குழலைத் தொலைநோக்கிபோலக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ரசீதில் எழுதினார்: இரட்டைக்குழல், வடிவாம்பாள் பேர், காலி. அடையாளச் சீட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, அறைக்குள் அடுக்கிப் பூட்டினார். அறைக்கு இரண்டு பூட்டு.

வடிவு அன்றுதான் அடுக்களையில் ரேடியோ போட்டாள். நான்கு நாள் வீட்டில் தீயலும் புளிக்கறியும் மணத்தன. பத்மகுமார் மட்டும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்போல அலைந்தார். வெறும் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். விற்பதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை.

ஐந்தாம் நாள். ஞாயிறு. கடை இல்லை. முற்றத்து வெயில் கண்ணைக் குத்தியது. தூரத்தில் வேட்பாளர் ஒருவரின் வேன் ஒலிபெருக்கியோடு வந்துகொண்டிருந்தது. முன்னால் சரவெடி. வடிவு அடுக்களையில் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு ஏழு.

துப்பாக்கி அலமாரி இருந்த சாமி அறையிலிருந்து ஒரு சத்தம்.

க்ளக்.

அவருக்குத் தெரியும். இரட்டைக்குழலை மடக்கித் திறக்கிற சத்தம். உலகத்தில் வேறு எந்தச் சாமானும் அப்படிச் சத்தம் போடாது.

சுர்ர்...

தோட்டா ஒன்று குழலுக்குள் இறங்குகிறது.

சுர்ர்...

இரண்டாவது.

டக். மூடியாயிற்று.

இந்த இடத்தில் எந்தப் புருஷனும் அடுக்களைக்கு ஓடியிருப்பான். வடிவு, கீழே படு என்று கத்தியிருப்பான். பத்மகுமாருக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம்.

வந்துவிட்டது.

அவர் அடுக்களைக்குப் போகவில்லை. சாமி அறைக்குப் போனார்.

அரைஞாணில் சாவி இருந்தது. அலமாரிப் பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார்.

கொக்கிகள் காலி.

மூன்றாவது கொக்கி மட்டும் மெல்ல... மெல்ல ஆடியது.

பன்னிரண்டு ஒன்பது.

கையை நீட்டினார். கொக்கியைத் தொடத்தான்.

கையில் பட்டது கொக்கி அல்ல.

குளிர்ந்த இரும்பு. வழவழவென்று. கண்ணுக்கு ஒன்றுமில்லை... கைக்கு இருந்தது.

எண்ணெய்ப் பிசுக்கு. கட்டையின் வளைவு. எல்லாம் இருந்தது.

கையை எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை. தடவினார்.

விரல் தானாக இறங்கியது... தினமும் இறங்குகிற வழியில்.

பின்னால் அடுக்களையில் வடிவு ஏதோ கேட்டாள். உப்பு என்றோ உளுந்து என்றோ.

பன்னிரண்டு பத்து.

முன் விசை.

வீடு அதிர்ந்தது. அடுக்களையில் பித்தளை உருண்டது. ஒரு பாதிக் கூச்சல்... பாதிதான்.

பழக்கம் பாருங்கள்.

விரல் பின் விசைக்குப் போனது.

அவர் திரும்பியபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அடுக்களைச் சுவர் சல்லடையாகியிருந்தது. முதல் வெடி வடிவின் முதுகில், அவள் குளிர்கிறது என்று சொன்ன அதே இடத்தில். இரண்டாவது, சத்தம் கேட்டுத் திரும்பிய முகத்தில். முகம் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. ஒரு கம்மல் அம்மிக்குழவியில் ஒட்டியிருந்தது. வறுத்த தேங்காய் ரத்தத்தில் பொரிந்து கருகியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. அணைத்தார்.

அக்கம்பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. வேட்பாளருக்குப் போட்ட வெடி என்று நினைத்தார்களாம்.

போலீஸ் வந்தது. உடம்பிலிருந்து எடுத்தது இரட்டைக்குழலில் போடுகிற 'பன்னிரண்டு போர்' ரகத் தோட்டாவின் ஈயக்குண்டுகள். துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். பத்மகுமார் ரசீதை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் முத்துநாயகம் மாலை ஐந்து இருபதுக்கு நிலையத்து அறையைத் திறந்தார். இரண்டு பூட்டும் சரி. அரக்கு சரி. சீட்டு சரி. துப்பாக்கியை மடக்கித் திறந்தார். இரண்டு குழலிலும் வெடித்த தோட்டாக்கூடு. கருமருந்து வாசனை அறை முழுக்க. அன்று காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளும் பன்னிரண்டு பத்துக்கு இரண்டு வெடிச்சத்தம் கேட்டிருக்கிறான். அவனும் வேட்பாளர் கணக்கில்தான் எழுதியிருக்கிறான்.

தன் பூட்டுக்குள் இருந்த துப்பாக்கி ஆறு மைல் தள்ளி ஒருத்தியைக் கொன்றது என்று எந்த இன்ஸ்பெக்டர் எழுதுவார்? கூடுகள் இரண்டும் காணாமல் போயின. குழல் துடைக்கப்பட்டது. அடையாளம் தெரியாத நபர், கள்ளத்துப்பாக்கி என்று வழக்கு முடிந்தது. அறையைப் பூட்டிய பிறகு முத்துநாயகம் பூட்டை மூன்றுதரம் இழுத்துப் பார்த்ததை ஏட்டு பார்த்திருக்கிறார்.

பத்மகுமாரின் ஆட்காட்டி விரலில் எண்ணெயும் கரியும் ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் குவைத்துக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு எபிசன் சொன்னான்.

"சித்தப்பாவுக்க பேருலயும் ரெண்டு ஆயாச்சு அண்ணா. அந்தத் தோக்கு சித்திக்க பேருலதான் இருந்தது. முந்தின தேர்தலுக்கு ஸ்டேசன்ல கொண்டு வச்சிருந்தாரு. சித்தி மத்தியானம் கிணத்தடியில மீன் கழுவிட்டு இருந்தா..."

அங்கேயும் இரண்டு வெடி என்றான் எபிசன்.

"சாவதுக்கு முந்தி சித்தப்பா ஒண்ணுதான் சொன்னாரு. கை தானா போச்சுடே, நான் வெடி விடல்லன்னு."

"அன்னைக்கே ஏம்லே சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா வாங்காம இருந்திருப்பியளா?"

பத்மகுமார் போனை வைத்தார். பதில் அவருக்குத் தெரியும்.

தேர்தல் முடிந்தது. ரசீதைக் காட்டினால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பார்கள். இறந்தவர் பேரில் துப்பாக்கி இருக்கக் கூடாது. ஒன்று, அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடலாம். அல்லது வாரிசு பேரில் மாற்றலாம். பத்மகுமார் நான்கு நாள் சாப்பிடாமல், உறங்காமல், வடிவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். ஐந்தாம் நாள் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். வாரிசின் பேர் லட்சுமிப்ரியா, வயது இருபத்தாறு.

மூன்றும் திரும்பி வந்த பிறகும் அலமாரியில் இன்னும் மூன்று கொக்கி காலியாகத்தான் இருக்கும்.